கம்பஸ் போகும் பிள்ளையின் உடுப்புச் செலவை யார் ஏற்பது?

மூத்தவனுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது என்று உறுதியான அன்று இரவு, அவனுடைய அலுமாரியைத் திறந்துவைத்து நானும் அவனும் உடுப்புகளை எண்ணினோம். பாடசாலை வெள்ளைச் சேர்ட் ஐந்து, வெள்ளை நீளக் காற்சட்டை மூன்று, இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தந்த ரீசேர்ட் இரண்டு, கோயிலுக்கென்று மடித்துவைத்த வேட்டி ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு வாங்கிய நிறச் சேர்ட் ஒன்று, அதற்கு முந்திய ஆண்டில் வாங்கிக் கை குட்டையாகிப்போன இன்னொன்று, டெனிம் காற்சட்டை ஒன்று. வாரத்தில் ஐந்து நாள் விரிவுரைக்குப் போகவேண்டிய ஒருவனிடம் வெளியே உடுத்திப் போகக்கூடியதாக இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு சோடி. உடுப்புச் செலவை ஒரு பெரிய செலவாக நான் நினைத்துப் பார்த்தது அன்றுதான்.

இது எங்கள் வீட்டில் மட்டும் ஏற்பட்ட குறை அன்று. இலங்கையில் 1993ஆம் ஆண்டு முதல் பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாக வழங்கி வருகிறது. முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரையான 13 ஆண்டுகளிலும் பிள்ளையின் அன்றாட உடுப்பு என்பது தையற்கூலி, சப்பாத்து, காலுறை ஆகியவற்றோடு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே நிற உடுப்பு என்பது சித்திரைக்கும் தீபாவளிக்கும், முஸ்லிம் வீடுகளில் இரண்டு பெருநாட்களுக்கும், இடையில் ஒரு கலியாணத்துக்கும் வாங்குகிற பொருளாகவே பெற்றோரின் மனத்தில் பதிந்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் இந்தக் கணக்கு ஒரே நாளில் குலைந்துபோகிறது. விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு, மடிக்கணினி எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைக்கிற வீடுகள்கூட உடுப்பைப் பற்றிப் பேசி வைப்பதில்லை.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்லாற்றில் வசிக்கும் ஓர் ஆசிரியை. மகன் பேராதனையில் படித்தான், மகள் இப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என் தம்பி வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல் செய்கிறவர். அவருடைய மகள், அதாவது என் மருமகள், கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பரதம் பயில்கிறாள். எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டில் தாய் குவைத்தில் வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவுடன் இருந்து ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிறது. இந்த மூன்று வீடுகளிலும் மூன்று விதமான ஏற்பாடுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் பெற்றோரே வாங்கிக் கொடுப்பது ஒன்று. பிள்ளை தானே உழைத்து வாங்கட்டும் என்று விட்டுவிடுவது மற்றொன்று. ஆண்டுக்கு இத்தனை என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து, தெரிவைப் பிள்ளையிடம் விடுவது மூன்றாவது. இந்த மூன்றாவதையே நான் சரியென்று கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்து, அவற்றின் நோவை அறிந்த பிறகே அங்கே வந்து சேர்ந்தேன்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகம் தொடங்குவதற்குள் பிள்ளைக்குப் பெரும்பாலும் 20 வயது தாண்டிவிடுகிறது. பட்டம் முடியும்போது 24, 25 ஆகிறது. 18 வயதானால் முழு வளர்ந்தவர் என்பதுதான் சட்டம். ஆயினும் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், 18 வயதைக் கடந்து 25 வயதை அடையாத பிள்ளையைத் தனியாக வரையறுத்து, தன்னைத்தானே பராமரிக்க இயலாத நிலையில் அப்பிள்ளை இருந்தால், வசதியுள்ள பெற்றோர் பராமரிப்புக் கொடுக்க வேண்டுமென்று நீதவான் கட்டளையிட இடமளிக்கிறது. நீதிமன்றம் வரை போகிற விடயமாக இதை யாரும் எடுக்கத் தேவையில்லை. ஆனால் "பதினெட்டு முடிஞ்சிற்று, இனி அவன்ட பாடு" என்று சொல்லிவிடுகிற பெற்றோர், இந்த இடைப்பட்ட வயதைச் சட்டமும் தனியாகக் கவனித்திருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

கேட்கும்போதெல்லாம் வாங்கிக் கொடுக்கும் முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை கனதியானவை. பல்கலைக்கழகப் படிப்பு முழுநேரப் படிப்பு. பரீட்சைக்கு அமர்வதற்கு 80 சதவீத வரவை எதிர்பார்க்கும் பீடங்கள் பல. செயன்முறை வகுப்புகளும் ஒப்படைகளும் மாலையையும் பிடித்துக்கொள்ளும் நிலையில், உடுப்புக்காக வேலை தேடு என்று பிள்ளையை அனுப்பினால் அந்த நேரம் படிப்பிலிருந்துதான் கழியும். இன்னொன்று, எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லா வகையான வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஒன்றாக இருக்கும் இடம் அது. வெள்ளைச் சீருடை 13 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த வசதி வேறுபாடு அங்கே முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் கூச்சத்தால் விரிவுரை மண்டபத்தில் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெற்றோரிடம் இருக்கும்போது கொடுப்பதில் என்ன குறை என்று கேட்பவர்களின் நியாயம் இதுதான்.

குறை கொடுப்பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியிருப்பதில் இருக்கிறது. மகளுடன் கல்முனையில் ஒரு புடவைக்கடைக்குப் போன நாளை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கூசுகிறது. அவள் கடுகு நிறத்தில் ஒரு நீளமான மேற்சட்டையை எடுத்து, கண்ணாடி முன் நின்று, தோளோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கைக்குச் சற்று மேலே நின்றது. நான் அடர்நீல நிறத்தில், கை மணிக்கட்டு வரை வருகிற ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, "காசு குடுக்கிறது நான்தானே மனே, நான் சொல்றத எடு" என்றேன். விற்பனைப் பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. மகள் கடுகு நிறத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, நீங்க எடுத்ததையே எடுப்பம் அம்மா" என்றாள். 2,900 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த நீலச் சட்டையை அவள் இரண்டு தடவை போட்டாள். விலைச்சீட்டுக் கட்டியிருந்த நூல் இன்னும் அதன் உள்தையலில் தொங்குகிறது. பணத்தைக் கொடுத்தவளாக இருந்ததால் தெரிவையும் என்னுடையதாக எடுத்துக்கொண்டேன். 21 வயதில், ஓர் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பைத் தானே தெரிவு செய்கிற பிள்ளைக்கு, தன் உடம்பில் போடும் சட்டையின் கை எவ்வளவு நீளம் என்று தீர்மானிக்க விடவில்லை.

அடுத்த வீட்டில் இந்த முறையின் மறுபக்கத்தைக் கண்டேன். குவைத்தில் இருக்கும் தாய், பிள்ளை தொலைபேசியில் கேட்ட மறுநாளே காசு அனுப்புவார். தூரத்தில் இருக்கும் தாய் தன் அன்பைக் காட்ட அவருக்கு வேறு வழி குறைவு, அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் அந்தப் பிள்ளை எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, "அம்மாட்ட கேட்டா இல்லெண்டு சொல்லமாட்டா ரீச்சர், அதாலதான் கேக்கப் பயமா இரிக்கி" என்றது. தாய் எந்தச் செலவைக் குறைத்து அனுப்புகிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பது தாய்க்குத் தெரியாது. எல்லை என்று ஒன்று சொல்லப்படாதபோது, மனச்சாட்சியுள்ள பிள்ளை கேட்கவேண்டியதையும் கேட்காமல் விடுகிறது, மனச்சாட்சி குறைந்த பிள்ளை கேட்கக்கூடாததையும் கேட்கிறது. எங்கள் பகுதியில் நுண்கடனில் சிக்கித் தவித்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பட்ட கடனில் பிள்ளைகளின் பெருநாள் உடுப்பும் ஒரு வரியாக இருந்திருக்கிறது என்பதை ஆசிரியையாக நான் வீடு வீடாகப் போனபோது கேட்டிருக்கிறேன்.

பிள்ளையே தன் உடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கணவரின் கட்சியாக இருந்தது. அவர் உயர்தரம் எழுதிய கையோடு ஒரு கடையில் வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் முதலில் வாங்கியது ஒரு சோடிச் சப்பாத்து. அந்தப் பெருமையை மகனும் அறிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். மகனும் மறுக்கவில்லை. உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் மட்டக்களப்பு நகரில் ஒரு கட்டடப் பொருட் கடையில் ஒன்பது மாதம் வேலை செய்து சேர்த்த காசில், நான்கு சேர்ட்டும் இரண்டு காற்சட்டையும் வாங்கிக்கொண்டுதான் பேராதனைக்குப் போனான். முதலாம் ஆண்டு அப்படியே ஓடிற்று. அந்த ஓராண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முறையே சிறந்தது என்று நானும் எழுதியிருப்பேன்.

பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. பெறுமதி சேர் வரியும் அதே ஆண்டில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. எங்கள் இருவருக்கும் அரச சம்பளம் என்பதால் மகனுக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் மகாபொல புலமைப்பரிசில் கிடைத்திருக்கவில்லை. சேமிப்பு சாப்பாட்டில் கரைந்தது. 2023ஆம் ஆண்டு சித்திரைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது, பையிலிருந்த உடுப்புகளை நான் ஊறப்போட எடுத்தேன். ஒரு சேர்ட்டின் கொலர் மட்டும் உடம்புத் துணியைவிட ஒரு சாயல் கடும் நிறமாக இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தேய்ந்து நூல் கிளம்பிய பக்கம் உள்ளேயும், வெயில் படாத பக்கம் வெளியேயுமாகக் கொலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்கள், தையல் நூலும் நிறத்துக்குச் சரியாக ஒத்துவரவில்லை. கொலர் திருப்பித் தைப்பது என் தகப்பனார் காலத்துப் பழக்கம். என் மகன் கம்பஸுக்கு அருகில் ஒரு தையற்காரரைத் தேடிப் பிடித்து அதைச் செய்வித்து, எங்களுக்குச் சொல்லாமல் ஒரு வருடம் போட்டிருக்கிறான். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "அப்பா என்னயப் பாத்துக்கச் சொன்னவர்தானே" என்றான். குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. தகப்பன் சொன்னதை அவன் அப்படியே காப்பாற்றியிருந்தான். என் கணவர் அந்தச் சேர்ட்டை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பழைய உடுப்பைத் திருத்திப் போடுவதில் இழிவு எதுவும் இல்லை, அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் மார்கழிக் குளிரில் பேராதனையில் குளிர்ச்சட்டை இல்லாமல் இருந்ததையும் அவன் பிறகுதான் சொன்னான். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படி ஒரு சட்டை தேவைப்படும் என்று எங்களுக்கே தோன்றியிருக்கவில்லை. பல்கலைக்கழகக் காலத்தில் கிடைக்கும் வருமானத்தையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளில் பலர் சனி ஞாயிறுகளில் ரியூசன் வகுப்பு எடுக்கிறார்கள், சிலர் கடைகளில் நிற்கிறார்கள், அறுவடைக்காலத்தில் வயலுக்குப் போகிறார்கள். மகாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே அப்போது அது நாளொன்றுக்கு 250 ரூபாய்தான் ஆயிற்று. அதிலிருந்து உடுப்புக்கு எடு என்று சொல்வது ஒருவேளைச் சோற்றை எடு என்று சொல்வதற்குச் சமம். தாதியர் பயிற்சியில் இருப்பவர்களைப்போல மாதாந்தக் கொடுப்பனவு பெறும் பிள்ளைகளுக்கும், வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் படிப்பவர்களுக்கும் இந்த இரண்டாவது முறை பொருந்தும். அவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சித்திரையில்தான் நாங்கள் மூன்றாவது முறைக்கு மாறினோம். முதலில் உடுப்புகளை இரண்டாகப் பிரித்தோம். படிப்பு கேட்கிற உடுப்பும், உடல்நலத்துக்கு வேண்டிய உடுப்பும் வீட்டின் பொறுப்பு. ஆய்வுகூட வெள்ளை மேலங்கி, உள்ளாடைகள், ஒரு சோடி நல்ல சப்பாத்து, குளிர்ச்சட்டை, முன்வைப்புகளுக்கும் வைபவங்களுக்கும் உரிய ஒரு முறையான உடுப்பு ஆகியவை இதில் அடங்கும். இவற்றை வாங்க எந்தப் பிள்ளையும் வாதாட வேண்டியதில்லை. மிச்சமெல்லாம் பிள்ளையின் பொறுப்பு, அதற்காகத் தை மாதத்தில் ஒரு தொகை, ஆடியில் ஒரு தொகை. இப்போது எங்கள் வீட்டில் அது தடவைக்கு 15,000 ரூபாய். அதற்குள் எதை வாங்கினாலும் என் வாய் திறக்காது. நிறத்தைப் பற்றியும் கையின் நீளத்தைப் பற்றியும் கருத்துக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்லமாட்டேன். முதல் ஆண்டில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த ஒன்றுதான்.

தொகை எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஆகவே எங்கள் கணக்கை யாரும் அளவுகோலாகக் கொள்ளத் தேவையில்லை. எப்போது கொடுப்பது என்பது அதைவிட முக்கியம் என்பதைத் தம்பியின் வீட்டில் கற்றுக்கொண்டேன். மாதச் சம்பளக்காரர்களான நாங்கள் முதலில் மாதம் 2,500 கொடுக்கலாம் என்று எண்ணியிருந்தோம். தம்பி சிரித்துவிட்டு, "எனக்கு மாசம் எங்கயக்கா இரிக்கி, போகந்தானே இரிக்கி" என்றார். பெரும்போகத்து நெல் விற்ற காசு மாசி பங்குனியில் வரும், சிறுபோகத்துக் காசு ஆடி ஆவணியில் வரும், இடைப்பட்ட மாதங்களில் கையில் இருப்பது அடுத்த விதைப்புக்கும் உரத்துக்கும் உரியது. ஆகவே அவர் மருமகளுக்கு இரண்டு அறுவடை முடிந்ததும் கொடுக்கிறார், பெரும்போகத்துக்குக் கூடுதலாக, சிறுபோகத்துக்குக் குறைவாக. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் விழுந்த போகத்திலும், 2024 நவம்பர் வெள்ளம் கிழக்கில் வயல்களை மூடிய போகத்திலும் அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். வெள்ளத்துக்குப் பிறகு அவர் மகளை அழைத்து, இந்தப் போகம் உடுப்புக் காசு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டது. கேட்டுக் கேட்டு இல்லையென்று கேட்பதற்கும், தகப்பன் தானாக வந்து வயல் நிலைமையைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்தே இரண்டு தடவையாகக் கொடுப்பது என்று வைத்தோம். மொத்தமாகக் கையில் வரும்போது பிள்ளை திட்டமிடுகிறது, மாதம் மாதம் வந்தால் தேநீர்க்கடையில் கரைகிறது.

மருமகளுக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. பரதம் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சிச் சேலைகள் வேண்டும், அரங்கேறும் நாளுக்குத் தைத்த ஆடை வேண்டும், அதற்கேற்ற அணிகள் வேண்டும். அந்த ஆடை ஒன்றின் தையற்கூலியே மற்றப் பிள்ளைகளின் ஓராண்டு உடுப்புச் செலவை எட்டிவிடுகிறது. இதைப் படிப்புச் செலவோடு சேர்க்காமல் உடுப்புச் செலவோடு சேர்த்துவிட்டால், அந்தப் பிள்ளை தன் பாடத்துக்காகத் தண்டிக்கப்பட்டதாகிவிடும். மருத்துவ பீட மாணவிகள் வைத்தியசாலைப் பயிற்சிக்கு உடுத்தும் சேலைகளும், கல்வியியற் கல்லூரி மாணவிகளின் சேலைகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

எங்கள் ஏற்பாடு முதலிலேயே இனிதாக நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மகள் தன் முதல் தொகையை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டாள். முகநூலில் நேரலையாகக் காட்டி விற்பவர்களிடம் ஐந்து சட்டைகளை வாங்கினாள். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறையாதலால், பொதியைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னே காசு போய்விட்டது. இரண்டு சட்டைகளின் துணி உள்ளே போட்டது வெளியே தெரியும் அளவுக்கு மெல்லியது. ஒன்றின் தையல் முதல் தோய்ப்பிலேயே விட்டுப்போயிற்று. அந்த அரையாண்டு முழுவதும் அவள் பழையதையே மாற்றி மாற்றிப் போட்டாள், ஒரு வைபவத்துக்கு மருமகளிடம் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, ஆனாலும் மேலதிகமாகக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முதல் முறைக்கே திரும்பிப் போயிருப்போம்.

அடுத்த தொகை வந்தபோது அவள் வேறுவிதமாக வாங்கினாள். கல்முனையில் துணியாக வாங்கி, ஊரில் தைக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தாள். இரண்டரை யார் துணி 1,300 ரூபாய், தையற்கூலி 800 ரூபாய். மொத்தம் 2,100 ரூபாய்க்கு அவள் உடம்பளவுக்கே வந்த சட்டை, நான் 2,900 கொடுத்து வாங்கிய அந்த நீலச் சட்டையைவிட இறுக்கமான நெசவு, உள்ளே அரை அங்குலம் விட்டுத் தைத்ததால் பிறகு இளக்கியும் கொள்ளலாம். துணியை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து நெசவைப் பார்க்க அவளுக்குக் கற்பித்தது அந்த ஐந்து சட்டைகள்தான், நான் அல்ல. பட்டமளிப்பு, கலைவிழா போன்றவற்றுக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றைக் காசு சேர்த்து வாங்க வேண்டும் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறாள். எங்கள் கரையிலேயே நெய்யப்படுகிற, ஆண்டுக்கணக்கில் உழைக்கிற சேலை இருக்கும்போது அது நல்ல தெரிவு என்றே எனக்கும் படுகிறது.

எந்த முறையைத் தெரிவு செய்தாலும், பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் முழுச் செலவையும் செய்துவிட வேண்டாம் என்று முதலாம் ஆண்டுப் பெற்றோரைக் கேட்டுக்கொள்வேன். பல பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் இன்னதைத்தான் உடுக்க வேண்டும், இன்ன செருப்பைத்தான் போட வேண்டும் என்று மூத்த மாணவர்கள் கட்டளையிடும் வழக்கம் இன்னும் அறுந்துபோகவில்லை. அது பகிடிவதையின் ஒரு வடிவமே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அதற்குப் பயந்து, பிறகு ஒருபோதும் உடுக்காத பாவாடைகளையும் சேர்ட்டுகளையும் மூன்று மாதத்துக்காக வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். இருப்பதோடு அனுப்பி, ஒரு மாதம் பொறுத்து, பிள்ளை அங்கே உண்மையில் எதை உடுக்கிறது என்று தெரிந்த பிறகு தொகையைக் கொடுப்பதே நல்லது.

மகனுக்கும் மகளுக்கும் ஒரே தொகையா என்பது எங்கள் பகுதியில் தனியாகப் பேசவேண்டிய விடயம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம்கள் இரு பகுதியாரிடையேயும், வீடு மகளுக்குப் போகும், கலியாணம் முடித்த மகன் மனைவியின் வீட்டுக்குப் போவான். மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வீடு கட்டுவதே பல பெற்றோரின் வாழ்நாள் வேலை. ஆகவே மகள் ஒரு சட்டை கேட்டால், "உனக்குத்தானே மனே வீடு கட்டுறம், அந்தக் காசு சீமெந்துக்குப் போகட்டும்" என்று சொல்லப்படுகிறது. மகன் கேட்டால், "நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போறவன், இப்ப பொறுத்துக்க" என்று சொல்லப்படுகிறது. இரண்டு பிள்ளைகளும் வெவ்வேறு காரணத்துக்காகப் பழைய உடுப்போடு இருக்கிறார்கள். என் பக்கத்து ஊரில் மேல்மாடிக்குத் தூண் எழுப்பி வைத்திருக்கிற ஒரு வீட்டின் மகள், வந்தாறுமூலைக்கு மூன்று சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் போகிறாள். அந்த வீடு அவளுடையதுதான், பெற்றோரின் அன்பிலும் ஐயமில்லை. ஆனால் எங்கேயோ பின்னால் வரப்போகும் மாப்பிள்ளைக்காகக் கட்டுகிற மேல்மாடியில் ஒரு தூணைப் பிந்திப் போட்டால், இன்று படிக்கிற பிள்ளைக்கு நான்கு ஆண்டுக்கும் உடுப்பு வரும். எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே தொகை என்று வைத்தோம். பெண்பிள்ளைக்குத் தையற்கூலி கூடும் என்று மகள் வாதாடியபோது, அதைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி, காட்டிய பிறகு 1,000 ரூபாய் கூட்டினோம்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பட்டம் முடிந்த அன்றோடு நிறுத்துவது கேட்க நேர்த்தியாக இருக்கும், எங்கள் மாவட்டத்தின் நிலைமைக்கு அது ஒவ்வாது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நூறு நாட்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. பட்டத்துக்கும் முதல் நியமனத்துக்கும் இடையில் மாதங்கள் அல்ல, சிலருக்கு ஆண்டுகள் கழிகின்றன. அந்தக் காலத்தில்தான் நேர்முகப் பரீட்சைக்கு ஒழுங்கான உடுப்பு தேவைப்படுகிறது, அந்தக் காலத்தில்தான் கேட்பதற்குப் பிள்ளை மிகவும் வெட்கப்படுகிறது.

எங்கள் மகன் இப்போது அந்த இடைவெளியில் நிற்கிறான். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து ஓரளவு உழைக்கிறான். ஆகவே அவனுடைய தொகையைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம், அந்த யோசனையைச் சொன்னதும் அவனேதான். நேர்முகப் பரீட்சைக்கான நீளக்கைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, சப்பாத்து மூன்றும் வீட்டுப் பொறுப்பு என்று அவன் தகப்பன் சொல்லி, போன கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனார். சேர்ட்டை மகன் தெரிவு செய்தான், காசை அவர் கொடுத்தார். முதற் சம்பளம் வருகிற மாதத்தில் தொகை நிற்கும். அந்த மாதத்தை நாட்காட்டியில் அவனே குறிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.